நிஷாகந்திக்கு மண் கலக்கும்போது செய்யக்கூடாதவை

"கள்ளி இனம்தானே, மணலைக் கொட்டி நட்டு வை, அது பாட்டுக்கு வரும்" என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. காரைக்குடியில் நிஷாகந்தி வளர்க்க ஆரம்பித்த புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். செம்மண் பாதி, மணல் பாதி. ஆவணி, புரட்டாசி வரை செடி நன்றாகவே நின்றது. ஐப்பசி மழை பிடித்து நாலு நாள் விடாமல் பெய்தது. கார்த்திகையில் அடித்தண்டு கொழகொழத்துச் சாய்ந்துவிட்டது. தொட்டியைக் கவிழ்த்தால் மண் தொட்டியின் அச்சிலேயே கட்டியாக வந்து விழுந்தது. உள்ளே வேர் முழுக்கக் கறுத்திருந்தது.

ஆச்சி மனதில் இருந்தது நம் பொட்டல்களில் நிற்கும் சப்பாத்திக்கள்ளி. நிஷாகந்தியும் அதே குடும்பம்தான், ஆனால் வாழ்ந்த இடம் வேறு. நம் ஊரில் பலர் பிரம்ம கமலம் என்று சொல்வது இதைத்தான். (இமயமலையின் உண்மையான பிரம்ம கமலத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.) மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் ஈரக் காடுகளில், மரக்கிளைகள் பிரியும் கவட்டில் தொற்றி வளரும் செடி இது. மரத்தின் சாற்றை உறிஞ்சாது. கவட்டில் சேர்ந்து மக்கும் இலைச் சருகிலும் பட்டைத் தூளிலும் வேரை ஓட்டிக்கொள்ளும். டிசம்பரில் பூக்கும் கிறிஸ்துமஸ் கள்ளியும், இலங்கைக் காடுகளில் இயற்கையாகவே காணப்படும் ரிப்சாலிஸ் என்ற கள்ளியும் இதே வகை. மழை பெய்ததும் நனைந்து, சீக்கிரமே வடிந்து, எப்போதும் காற்றோட்டமாக இருக்கும் இடம் அந்தக் கவடு. தொட்டிக்குள்ளும் வேர் அதைத்தான் தேடுகிறது.

அதனால் செம்மண்ணை இந்தத் தொட்டிக்குள் விடவே வேண்டாம் என்பது என் கட்சி. அதன் நுண்துகள்கள் நனைந்து காய்ந்து இறுகிவிடும். மணல் சேர்த்தாலும் சரியாகாது. மணலின் இடைவெளியில் களி போய் அடைத்துக்கொண்டு இன்னும் கெட்டியாகிறது.

அடுத்தது, அடியில் ஜல்லி போடும் பழக்கம். தண்ணீர் நன்றாக வடியும் என்று நம்பி நாம் எல்லோரும் செய்வதுதான். உண்மையில் நடப்பது வேறு. பொடியான கலவை தண்ணீரைப் பஞ்சு போலப் பிடித்துக்கொள்ளும். தன் அடிமட்டம் நிறைந்து ததும்பும்வரை கீழே இருக்கும் ஜல்லிக்கு விடாது. ஜல்லி இல்லாவிட்டால் தொட்டியின் அடியில் தேங்கும் அந்த ஈரம், ஜல்லி போட்டதும் மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கிறது. துளையை மறைக்க ஒரே ஒரு ஓட்டாஞ்சில்லு போதும். வடிய வேண்டியது கலவை முழுவதும்தான், அடி மட்டும் அல்ல.

சரி, கட்டியாக விற்கும் தேங்காய் நார்த்தூளான கோகோபீட் மட்டும் போட்டால்? அதுவும் தவறு. தூளாக இருப்பதால் மழைக்காலத்தில் சொதசொதவென்று கிடக்கும். இன்னொரு சிக்கல், அதில் இருக்கும் உப்பு. தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. உப்பங்கழியில் ஊறிய மட்டையென்றால் இன்னும் கூடும். கட்டியை ஊறவைத்து, மூன்று முறையாவது நல்ல தண்ணீரில் அலசிப் பிழியாமல் பயன்படுத்தாதீர்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதால் கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர்தான். வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், ஓட்டுத் தண்ணீர் கொட்டும் இடத்தில் அண்டா வைக்கிற நம் பக்கத்துப் பழக்கம் இந்தச் செடிக்கென்றே ஏற்பட்டது போலத் தோன்றும் எனக்கு.

இந்த ஊருக்கே உரிய ஒரு தவறும் உண்டு. பழைய வீடு இடிக்கிற இடத்தில் செங்கல் தாராளமாகக் கிடைக்கும். உடைத்துப் போட அருமையான பொருள்தான், ஆனால் அதில் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருக்கும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் துண்டுகளிலோ சிமென்ட் இருக்கிறது. இரண்டுமே கலவையில் காரத்தன்மையை ஏற்றும். இந்தச் செடிகளுக்கு லேசான அமிலத்தன்மைதான் பிடிக்கும். காரம் ஏறினால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் புதுத் தளிர் வெளுத்துப் போகும். காரை ஒட்டாத செங்கலையும் நாட்டு ஓட்டையும் மட்டும் எடுங்கள். அடுப்புச் சாம்பலும் வேண்டாம், அதுவும் காரம்தான்.

இப்போது நான் கலப்பது: கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டிய தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, அலசிய கோகோபீட் ஒரு பங்கு, சாம்பல் போகக் கழுவிய விறகுக்கரியும் செங்கல் துண்டும் சேர்த்து ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. மட்டைத் துண்டையும் கோகோபீட் போலவே ஊறவைத்து அலச வேண்டும். பச்சைச் சாணம் கூடவே கூடாது, வேரைச் சுட்டுவிடும். கலந்ததை ஈரத்தோடு கைப்பிடியில் அழுத்திப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் இன்னும் கொஞ்சம் மட்டைத் துண்டு சேருங்கள்.

தொட்டியும் பெரிதாக வேண்டாம். வேர் எட்டாத கலவையில் ஈரம் வீணாகத் தேங்கும். சித்திரை வெயிலில் இந்தக் கலவை சட்டென்று காயும் என்பது உண்மை. அப்போது தொட்டியோடு அரைமணி நேரம் தண்ணீர் வாளியில் வைத்து எடுத்தால் மட்டைத் துண்டெல்லாம் குடித்துக்கொள்ளும். இரண்டு வருடத்தில் மட்டை மக்கிப் பொடியாகிவிடும். கலவையை மாற்றுவதானால் பூத்து முடிந்த பிறகு, ஆனால் ஐப்பசிக்கு வெகு முன்பே மாற்றிவிடுங்கள். புது வேர் ஓடிய பிறகு வரும் மழையைத்தான் செடி தாங்கும்.