லைன் அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது: ராமநாதபுரம் கடற்கரை கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போடும் முறை

ராமநாதபுரத்தில் ஹெட் ஆபீஸ், மண்டபத்தில் குளிர்பதனக் கூடம், தொண்டியிலோ பாம்பனிலோ கொள்முதல் ஷெட், கீழக்கரையில் கணக்கு பார்க்க ஒரு அறை. இப்படி நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிற கம்பெனிகளுக்காக, முக்கியமாக இறால், கணவாய், நண்டு அனுப்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசின் தளத்தில் ஏற்றி அதற்கு எண் வாங்குவது, கட்டாயம். நெட் இல்லையென்றால் இன்வாய்ஸ் எண் கிடைக்காது, எண் இல்லாமல் லாரியைத் தூத்துக்குடிக்கு அனுப்ப முடியாது, மீனோ நாளை வரை காத்திருக்கிற சரக்கு இல்லை. அதனால் எஸ்டி-வான், ஜீரோ ட்ரஸ்ட், கிளவுட், வைஃபை 7 என்று யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் நான் ஒன்றைத்தான் கேட்பேன்: லைன் போன நேரத்தில் இது வேலையை ஓட்டுமா?

முதலில் லைன். இரண்டு கம்பெனியிடம் ஃபைபர் வாங்கிவிட்டால் இரண்டு லைன் ஆகிவிடாது. இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் தொங்கி வந்தால், அந்தக் கம்பம் சாய்கிற அன்று இரண்டும் சேர்ந்து போகும். ராமேஸ்வரம் தீவுக்குள் ஆபீஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். பாம்பன் கடவைத் தாண்டி உங்கள் லைன் எந்த வழியாக வருகிறது என்று லைன்மேனிடமே கேளுங்கள், விற்க வருகிறவரிடம் கேட்டால் சரியான பதில் வராது. வேறு வழி இல்லையென்றால் இரண்டாவது லைனாக 4ஜி அல்லது 5ஜி சிம் போட்ட ரவுட்டர் வையுங்கள், அந்த சிம் ஃபைபர் கொடுத்த கம்பெனியுடையதாக இருக்கக் கூடாது. எந்த சிம் என்பதை வேகம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீண்ட நேரம் கரண்ட் போன நாளில் எந்த டவர் கடைசி வரை நிற்கிறது என்று பக்கத்துக் கடைக்காரர்களுக்குத் தெரியும். அதை எடுங்கள்.

இன்னொன்று, இது நம் கரைக்கே உரியது. தனுஷ்கோடி பக்கம் போனால் மொபைல் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்வது பலருக்கும் தெரியும். சிம் ரவுட்டரும் அதையே செய்யலாம். அதன் செட்டிங்கில் ரோமிங்கை அணைத்துவிட்டு, நெட்வொர்க்கைத் தானாகத் தேடாமல் உங்கள் ஆபரேட்டரின் பெயரிலேயே நிறுத்தி வையுங்கள்.

சரி, இரண்டு லைன் வந்தாயிற்று. முன்பெல்லாம் பெரிய கம்பெனிகள் எம்பிஎல்எஸ் லைன் (கிளைகளை இணைக்க ஆபரேட்டர் தருகிற தனி லைன்) எடுத்து, எல்லாக் கிளைகளின் டேட்டாவையும் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து அங்கிருந்து வெளியே அனுப்பின. இப்போது மெயிலும் கணக்கும் கிளவுடில் இருக்கும்போது மண்டபத்து டேட்டா தலைமை அலுவலகம் சுற்றிப் போக எந்த அவசியமும் இல்லை. எஸ்டி-வான் செய்வது இதைத்தான்: சாதாரண லைன்கள் இரண்டு மூன்றைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு தாமதம், எவ்வளவு இழப்பு என்று அளந்துகொண்டே இருந்து, எது நன்றாக இருக்கிறதோ அதில் முக்கியமான வேலையை ஏற்றிவிடும். பத்து இருபது கிளை இருந்தால் அதற்கென்று லைசென்ஸ் வாங்குவதில் நியாயம் உண்டு. மூன்று நாலு இடத்துக்கு, இரண்டு வான் போர்ட் (வெளி லைனைச் செருகும் இடம்) உள்ள நல்ல ரவுட்டரும், கிளைகளுக்கு நடுவே நெட் வழியாகப் பூட்டிய பாதை போடுகிற வயர்கார்டு மென்பொருளும் போதும்.

ரவுட்டரை அமைக்கும்போது ஃபைபர் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்பதை வைத்து முடிவெடுக்க விடாதீர்கள். விளக்கு எரியும், நெட் இருக்காது. கோளாறு அவர்கள் பக்கம் எங்கோ தள்ளி இருக்கும். வெளியே உள்ள இரண்டு முகவரிகளுக்கு, 8.8.8.8-க்கும் 1.1.1.1-க்கும், ஒவ்வொரு லைன் வழியாகவும் தனித்தனியாகப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் செய்தி) போகட்டும், இரண்டும் சேர்ந்து பதில் தராவிட்டால்தான் மாறட்டும். திரும்பி வருவதற்கு ஐந்து நிமிடமாவது தாமதம் வையுங்கள். இல்லையென்றால் ஆடிக்கொண்டிருக்கிற லைனுக்கும் சிம்முக்கும் நடுவே ரவுட்டர் தாவிக்கொண்டே இருக்கும், யாருக்கும் ஒரு பில்கூட முடியாது.

வயர்கார்டு 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னல் 5.6-இல் சேர்க்கப்பட்டது, அதற்குப் பிறகு சாதாரண விலை ரவுட்டர்களிலும் வந்துவிட்டது. சிம் லைனில் பொதுவாக உங்களுக்கென்று தனிப் பொது ஐபி (வெளியிலிருந்து உங்களைத் தேடி வருவதற்கான நெட் முகவரி) கிடைக்காது, பல பேர் ஒரே ஐபியைப் பகிர்கிறார்கள், அதனால் வெளியிலிருந்து உள்ளே வர வழி இருக்காது. கிளவுடில் ஒரு சின்ன சர்வர் எடுத்து, எல்லாக் கிளைகளும் அங்கே போய்ச் சேருகிற மாதிரி அமைத்தால் இந்தத் தொல்லை தீரும். பாதை மூடிவிடாமல் இருக்க இடையிடையே சின்னச் செய்தி அனுப்பும் கீப்அலைவை 25 வினாடி வையுங்கள். அப்புறம் எம்டியூ, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் டேட்டாத் துண்டின் அதிகபட்ச அளவு (பைட்டில்). வயர்கார்டு வழக்கமாக 1420 எடுத்துக்கொள்ளும். உங்கள் ஃபைபர் பயனர் பெயர், பாஸ்வேர்டு கேட்கிற பிபிபிஓஇ வகை என்றால் 1412-க்குக் குறையுங்கள். இதை விட்டுவிட்டால் பிங் போகும், சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரிய ஃபைல் மட்டும் பாதியில் நிற்கும், காரணம் புரியாமல் நாள் முழுக்கத் தேடுவீர்கள்.

இனி உப்பு. நெட்வொர்க் பாடம் எடுக்கிற யாரும் இதைச் சொல்வதில்லை, ஆனால் இங்கே கருவிகளைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். காற்றாடி வைத்த நெட்வொர்க் ஸ்விட்ச் (கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கடல் காற்றை உள்ளே இழுத்து போர்டின் மேல் உப்பைப் படிய வைக்கும். கரையோரத்தில் காற்றாடி இல்லாத ஸ்விட்ச்தான் வாங்க வேண்டும், அதை மூடிய பெட்டியில், வெயில் படாத சுவரில் வைக்க வேண்டும். வெளியே மாட்டுகிற கிளாம்பும் நட்டும் 316 ரக ஸ்டீலாக இருக்கட்டும். 304 நகரத்துக்குச் சரி, இங்கே துருக்கறை பிடித்துவிடும். கேபிள் இணைப்பை வெளியில் போடாதீர்கள். ஒரே நீளமாக இழுத்து, இணைப்பைக் கட்டடத்துக்குள் வையுங்கள்.

கேபிள் வாங்கும்போது கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு என்று அதைத்தான் நிறைய பேர் தலையில் கட்டுகிறார்கள். கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்ட் போகிற பிஓஇ முறையில் 30 வாட் வரை ஓடும், புதிய வகையில் 90 வாட் வரைகூட. அலுமினியக் கம்பி அதில் சூடாகும், உப்புக் காற்றில் முனை அரித்துப் போகும். முழுச் செம்பு கேட்டு வாங்குங்கள்.

ஐஸ் பிளாண்ட் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது அம்மோனியா. ஈரத்தோடு சேர்ந்தால் அது செம்பையும் பித்தளையையும் தின்னும். கம்ப்ரஸர் அறையில் இடம் காலியாக இருக்கிறது என்று ரேக்கை அங்கே நிறுத்தாதீர்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகும்போது தூரம் 100 மீட்டருக்குள் இருந்தாலும் செம்பு வேண்டாம், ஃபைபர் போடுங்கள். பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தால் செம்புக் கேபிள் அந்த மின்சாரத்தை நேராக உங்கள் ஸ்விட்சுக்குக் கொண்டுவரும், கண்ணாடி இழை கொண்டுவராது. எர்த்திங்கை ஆண்டுதோறும் அளந்து பாருங்கள், மணல் காய்கிற கோடையில் அது மோசமாகும்.

யூபிஎஸ் விஷயத்தில் ஒரே ஒரு சொல்: சூடான அறையில் ஈய பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து லித்தியம் அயர்ன் பாஸ்பேட் எடுப்பது இந்த ஊர் வெயிலுக்குச் சரியாக வரும்.

பாதுகாப்புக்கு வருவோம். பில்லிங் கம்ப்யூட்டர், கேமரா, குளிரறை சென்சார், வருகிறவர்களுக்கான வைஃபை, இந்த நாலும் நாலு விஎல்ஏஎன், அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் ஒன்றை ஒன்று தொடாதபடி பிரித்த தனித்தனி நெட்வொர்க். கேமராக்கள் வெளியே எங்கும் பேசக் கூடாது, ரெக்கார்டருடன் மட்டும் பேசினால் போதும். 2016-இல் மிராய் என்ற நிரல் பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, உலகின் பெரிய வெப்சைட்டுகளையே விழ வைத்தது. ஜீரோ ட்ரஸ்ட் என்பதைச் சின்னக் கம்பெனி இப்படி எடுத்துக்கொண்டால் போதும்: ஆபீஸுக்குள் இருக்கிறார் என்பதற்காக யாரையும் நம்ப வேண்டாம், அவருக்குத் தேவையானது மட்டும் திறக்கட்டும், ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டாவது சரிபார்ப்பு இருக்கட்டும். கணக்கர் வீட்டிலிருந்து வேலை பார்க்க 3389 போர்ட்டை (விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் வாசல்) வெளியே திறந்து வைத்திருந்தால் இன்றே மூடுங்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற ரான்சம்வேர் நுழைகிற முக்கிய வாசல்களில் அது ஒன்று.

இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் கொடுத்த உத்தரவு கம்பெனிகளுக்கும் பொருந்தும். அதில் பட்டியலிட்டுள்ள தாக்குதல் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கருவிகளின் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். ரவுட்டரின் நினைவில் மட்டும் பதிவு இருந்தால் ஒரு ரீஸ்டார்ட்டில் எல்லாம் போய்விடும், ஆகவே தனியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டருக்கு அனுப்பி வையுங்கள்.

வைஃபை 7-க்கு அவசரம் இல்லை, இருபது பேர் உள்ள ஆபீஸுக்கு வைஃபை 6 தாராளம். குளிரறைச் சுவர் உலோகத் தகடு போட்டது, சிக்னல் உள்ளே போகாது. மைனஸ் 18 டிகிரியில் வைஃபை கொடுக்கிற சாதாரண ஆக்சஸ் பாயின்ட்டும் தாங்காது, அந்தக் குளிருக்கென்று செய்ததைத்தான் வாங்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, அந்தக் கம்ப்யூட்டர்களை மாற்றும் வரை தனி விஎல்ஏஎனில் ஒதுக்குங்கள். கணக்கு டேட்டாவுக்கு மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில். அந்த வெளியூர்ப் பிரதி கடற்கரையிலேயே இருந்தால் புயல் நாளில் உதவாது. மதுரைக்கோ கிளவுடுக்கோ அனுப்புங்கள்.

இந்த வேலைகளைத் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும், வரத்து குறையும், கேபிளைப் பிரித்துப் போட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அப்புறம் வாடைமழை தொடங்குவதற்கு முன்னால், செப்டம்பரில் ஒரு நாள், மேனேஜரையும் பில் போடுகிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஃபைபரை உங்கள் கையால் பிடுங்குங்கள். சிம்முக்கு மாறுகிறதா, ஒரு இன்வாய்ஸ் போகிறதா என்று பாருங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்து யூபிஎஸ் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்துத் திறந்து பாருங்கள். ரவுட்டர் பாஸ்வேர்டும் லைன்மேன் நம்பரும் ஒரு தாளில் எழுதி ஆபீஸ் லாக்கரில் வையுங்கள், அமைத்துக் கொடுத்தவர் ஊரில் இல்லாத நாளிலும் அது கைக்குக் கிடைக்க வேண்டும்.