பள்ளித் தெருவில் வேகத்தை 30-க்குக் குறைக்க

வெறும் போர்டு நட்டால் யாரும் மெதுவாகப் போகமாட்டார்கள். சாலையின் வடிவம்தான் வேகத்தை அடக்கும். முதலில் 50 மீட்டர் அளந்து, இரு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். பள்ளி விடும் நேரத்தில் ஸ்டாப்வாட்ச் பிடியுங்கள். 6 விநாடிக்குள் கடக்கும் வண்டி 30 கி.மீ.யைத் தாண்டுகிறது. அந்தக் கணக்கோடு, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் வேக வரம்பு பற்றிய 112-வது பிரிவைக் காட்டி மனுக் கொடுங்கள்.

வேகத்தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம் இருக்கட்டும், அதில் வண்டிகள் சுமார் 25 கி.மீ.க்கு இறங்கும். அகலம் குறுகினால் பைக்கைத் தூக்கிப்போடும், பின்னால் குழந்தையோடு உட்கார்ந்தவர்தான் விழுவார். வெள்ளைப் பட்டை அழிந்தால் இரவில் மேடே தெரியாது. மழைக்காலத்துக்கு முன்பே மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். எச்சரிக்கைப் பலகை 40 மீட்டர் முன்னால், மரக்கிளை மறைக்காத இடத்தில்.