கன்ட்ரோல் ரூம் டிசைன் பண்றது எப்படி: நாற்காலியில இருந்து ஆரம்பிக்கலாம்

பெங்களூருல இன்டீரியர் வேலைக்கு வந்த புதுசுல எனக்கு கெடச்ச முதல் பெரிய வேலை ஒரு பஸ் கன்ட்ரோல் ரூம். சுவர் முழுக்க வீடியோ வால், அதாவது நிறைய ஸ்கிரீனை சேத்து ஒரே பெரிய ஸ்கிரீனா மாட்டுறது, வரைஞ்சு குடுத்தேன், பாத்தவங்க எல்லாருக்கும் புடிச்சுது, அப்படியே மாட்டியாச்சு. அங்க ஷிஃப்ட் பாக்குற அக்கா ஒருத்தங்க, அல்சூர்க்காரங்க, மறுவாரம் என்னைக் கூப்பிட்டு அவங்க சீட்ல உக்கார வச்சாங்க. "தம்பி, கீழ் வரிசை தெரியுதா பாரு. எந்திரிச்சு எட்டிப் பாத்தாத்தான்ப்பா எங்களுக்கு தெரியும்"னாங்க. அன்னைக்கு உக்காந்து பாத்தப்போ புரிஞ்சதைத்தான் இங்க எழுதுறேன். மெட்ரோ, பஸ், ரயில், டிராஃபிக் போலீஸ் எதுக்கு பண்ணாலும் அடிப்படை இதேதான்.

முதல்ல பென்சிலை கீழ வச்சுட்டு ரெண்டு ஷிஃப்ட் போய் சும்மா உக்காந்து பாருங்க, அதுல ஒண்ணு கட்டாயம் நைட் ஷிஃப்டா இருக்கணும். யாரு யார்கிட்ட அடிக்கடி பேசுறாங்க, யாரு எந்த ஸ்கிரீனை பாக்குறாங்க, போன் வந்தா எந்தக் கையில எடுக்குறாங்கன்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டு வாங்க. கோடு எங்க தடியா விழுதோ அந்த ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காரணும். நம்ம பெங்களூரு மெட்ரோவையே எடுத்துக்கோங்க, மேல ஒயர் கிடையாது, தண்டவாளத்துக்கு பக்கத்துல போற மூணாவது ரெயில்லதான் கரண்ட் ஓடுது, 750 வோல்ட் டிசி. டிராக்குல யாராவது விழுந்துட்டா ரயிலை நிறுத்தணும், கரண்ட்டையும் கட் பண்ணணும். இந்த மாதிரி சிஸ்டத்துல ரயிலை பாக்குற கன்ட்ரோலரும் பவரை பாக்குற கன்ட்ரோலரும் ரூமோட ரெண்டு மூலையில இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. திரும்பி ஒரு வார்த்தை சொன்னா கேக்குற தூரத்துல இருக்கணும்.

அடுத்தது பார்வைக் கோடு. நான் தப்பு பண்ணின இடம் இதுதான், அதனால நிதானமா சொல்றேன். உக்காந்திருக்குற ஒருத்தரோட கண்ணு தரையில இருந்து சுமார் 110 சென்டிமீட்டர்னு வச்சுக்கோங்க. அவர் முன்னாடி 80 சென்டிமீட்டர் தூரத்துல மானிட்டர், அதோட மேல் விளிம்பு 120ல நிக்குது. கண்ணுல இருந்து அந்த விளிம்பு வழியா போற கோடு 80க்கு 10 ஏறுது, அப்போ 4 மீட்டர் தள்ளி இருக்குற சுவர்ல 50 ஏறி 160 சென்டிமீட்டர்ல போய் முட்டும். அதுக்கு கீழ மாட்டுனது எல்லாம் அவருக்கு தெரியாது. நான் வீடியோ வாலை 90ல இருந்து ஆரம்பிச்சிருந்தேன், 70 சென்டிமீட்டர் ஸ்கிரீன் வீண். மானிட்டரை 10 சென்டிமீட்டர் இறக்கி மேல் விளிம்பை கண் மட்டத்துக்கு கொண்டு வந்தாலே கோடு நேரா போயிடும், 110க்கு மேல எல்லாமே தெரியும். வேலை நடக்குற இடத்துல கண்ணுல இருந்து சுவர் வரைக்கும் ஒரு நூலை கட்டிப் பாத்தாலே போதும், இதுக்கு சாஃப்ட்வேர் எதுவும் வேணாம். குள்ளமா இருக்குறவங்களை உக்கார வச்சு நூல் புடிங்க. எழுத்து சைஸுக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கு, தூரத்தை 200ஆல வகுத்துடுங்க, 4 மீட்டர்னா எழுத்து 20 மில்லிமீட்டர் உயரமாவது வேணும்.

ஃபால்ஸ் ஃப்ளோரிங் போடுறப்போ உயரத்தை முன்னாடியே கழிச்சுடுங்க. 3 மீட்டர் ரூம்ல கேபிளுக்காக தரையை 30 சென்டிமீட்டர் தூக்கி, மேல ஃபால்ஸ் சீலிங்குக்கு இன்னொரு 30 விட்டா மிச்சம் 2.4 மீட்டர்தான். வாசல்ல ஏத்தம் வரும், அங்க படி மட்டும் வைக்காம சரிவும் வைங்க.

நாற்காலிக்கு காசை கம்மி பண்ணாதீங்க, இதை நான் கெஞ்சியே கேப்பேன். ஆபீஸ் சேர் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு செஞ்சது, இங்க மூணு ஷிஃப்டும் அதே சேர்தான், ஆளுதான் மாறுவாங்க, அதனால ஃபோம் சீக்கிரமே அமுங்கிடும். 24 மணி நேர உபயோகத்துக்குன்னே செஞ்ச சேரா கேட்டு வாங்குங்க. உயரம், முதுகு, கை வைக்கிற இடம் எல்லாத்தையும் உக்காந்தபடியே மாத்த வரணும். ரெக்ஸின் வேணாம், வேர்க்கும். கன்சோல் டேபிள், அதாவது கன்ட்ரோலர் மானிட்டர் வச்சு வேலை பாக்குற மேஜை, உக்காந்தும் நின்னும் வேலை பாக்குற மாதிரி ஏறி இறங்குனா ரொம்ப நல்லது, அப்படி போட்டா கேபிளை இழுபடாம தொங்கலா விடணும், அப்புறம் டேபிள் ஏறுறப்போ மானிட்டரும் கூடவே ஏறும், மறுபடி நூல் புடிச்சுப் பாத்துடுங்க. டேபிள் விளிம்பை உருட்டி விடச் சொல்லுங்க, கூர் விளிம்புல மணிக்கணக்கா கை வச்சா மணிக்கட்டு செவந்துடும். பழுது பாக்குறவர் கன்சோலோட பின்பக்க கதவைத் தொறந்து வேலை பாக்குற மாதிரி இடம் விடுங்க, இல்லன்னா கன்ட்ரோலரோட காலுக்கு நடுவுல படுத்து ஒயர் மாட்டுவாரு.

லைட்டுக்கு டிம்மர், அதாவது வெளிச்சத்தை கூட்டிக் குறைக்கிற சுவிட்ச், கட்டாயம். எழுதுற இடத்துல 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற அளவு) வர்ற மாதிரி தனி விளக்கு, மத்த லைட் எல்லாம் சீலிங்ல பட்டு திரும்பி வரட்டும், ஸ்கிரீன்ல வெள்ளையா பளிச்சுன்னு விழக்கூடாது. சத்தம் 45 டெசிபலுக்கு மேல போகாம பாத்துக்கோங்க, சர்வரும் யூபிஎஸ்ஸும் தனி ரூம்ல இருந்தா பாதிப் பிரச்சினை முடிஞ்சுது. ஏசி காத்து நேரா தலையில விழக்கூடாது, நம்ம அக்கா சீட்டுக்கு மேல இருந்த வென்ட்ல ஒரு தெர்மாகோல் துண்டை பிரவுன் டேப் போட்டு ஒட்டி வச்சிருந்தாங்க, டேப் ஓரம் எல்லாம் தூசி புடிச்சு கறுப்பாகி, பல தடவை பிரிச்சு ஒட்டினது தெரிஞ்சுது. எத்தனை ராத்திரி குளிர்ல உக்காந்திருந்தாங்களோ. ஐஎஸ்ஓ 11064னு கன்ட்ரோல் ரூமுக்குன்னே ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, பல பகுதியா, அதுல ஆறாவது பகுதி முழுக்க இந்த வெளிச்சம், சத்தம், காத்து பத்தித்தான், அதை மட்டுமாவது படிச்சிடுங்க.

ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி ஆசாரிகிட்ட சொல்லி பழைய ப்ளைவுட்ல ஒரு கன்சோலை முழு சைஸ்ல அடிச்சு வைங்க, மானிட்டர் இடத்துல அட்டை. கன்ட்ரோலருங்களை கூப்பிட்டு உக்கார வச்சு, ஒரு ரயில் பழுதாகி நிக்குதுன்னு சொல்லி, என்னென்ன செய்வாங்களோ அதை செஞ்சு காட்டச் சொல்லுங்க. கை எட்டாத இடத்தை மார்க்கர்ல வட்டம் போட்டு வைங்க.

வேலை ஒப்படைச்சு ஒரு மாசம் கழிச்சு, ராத்திரி ரெண்டு மணி வாக்குல போங்க. எங்கெங்க டேப் ஒட்டியிருக்காங்க, எந்த சேர்ல துண்டு மடிச்சு போட்டிருக்காங்க, எந்த லைட்டை பேப்பர் வச்சு மறைச்சிருக்காங்கன்னு பாத்து எழுதிக்கிட்டு வாங்க. மாத்த வேண்டிய லிஸ்ட் அதுதான்.