மூச்சை அடக்க அவசரப்படாதீர்கள்: யோகாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசனத்தில் தவறு செய்தால் உடம்பு உடனே சொல்லிவிடும். தொடை இழுக்கும், முதுகு பிடிக்கும். மூச்சுப் பயிற்சியில் செய்யும் தவறு பல நாள் தெரியாமலே போகும். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

பிராணாயாமத்துக்குத் திருமூலர் ஒரு கணக்குச் சொல்கிறார். பூரகம் 16 மாத்திரை (எண்ணும் கால அளவு), கும்பகம் 64, ரேசகம் 32. அதாவது இழுப்பது, உள்ளே நிறுத்துவது, விடுவது. காணொளியில் இதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையிலேயே 64 வரை எண்ண முயல்கிறார்கள். முகம் சிவந்து, தோள் தூக்கி, கடைசியில் மூச்சைப் புஸ்ஸென்று விட்டுவிடுகிறார்கள். வெளியே விடும் மூச்சு சீராக வரவில்லை என்றால் உள்ளே நிறுத்தியது அதிகம் என்று பொருள். புதிதாகத் தொடங்குபவருக்குக் கும்பகமே வேண்டாம். நான்கு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். விடும் மூச்சு நீளும்போது நாடித்துடிப்பு தணியும், மனமும் கூடவே அடங்கத் தொடங்கும். உயர் ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே கூடாது.

கபாலபாதி என்ற வேகமான மூச்சுப் பயிற்சியில் வேறு விதமான தவறு நடக்கிறது. அதில் வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வெளியே தள்ளுவது மட்டும்தான் நம் வேலை. வயிறு தளர்ந்ததும் காற்று தானாக உள்ளே வரும். அதையும் வேகமாக இழுத்தால் உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். இதைச் சக்தி ஏறுவதாக நினைத்துத் தொடராதீர்கள். நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். குடலிறக்கம் உள்ளவர்களும் சமீபத்தில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களும் இந்தப் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும்.

ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறார் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி. முட்டியை மடக்காமல் தரையைத் தொட்டே தீருவேன் என்று வலியோடு குனிவதில் சுகம் எங்கே? முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளலாம். கிளாகோமா என்ற கண் அழுத்த நோய், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் சிரசாசனம், சர்வாங்காசனம் போன்ற தலைகீழ் ஆசனங்கள் பக்கமே போக வேண்டாம். முழுச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அப்புறம், அவசரமாகப் பாயைச் சுருட்டாமல் ஐந்து நிமிடம் சவாசனத்தில் படுத்திருங்கள்.

தியானத்துக்கு உட்கார்ந்ததும் எண்ணமே வரக்கூடாது என்று மனதோடு மல்லுக்கட்டுவது பலரைப் பத்தே நாளில் விரட்டிவிடுகிறது. எண்ணம் வரத்தான் செய்யும். கவனம் விலகியதை அறிந்து மூச்சுக்குத் திரும்புகிறீர்களே, பயிற்சியே அதுதான். முட்டி வலி இருந்தால் நாற்காலியில் உட்காருங்கள், பலன் குறையாது. சிலருக்குக் கண்ணை மூடியதும் பழைய துக்கமோ பதற்றமோ பொங்கி வரும். அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். கண்ணைத் திறந்து, எழுந்து கொஞ்சம் நடங்கள். அது தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது மருந்து மாத்திரையை நிறுத்துவதுதான். என் பெரியம்மா மூன்று மாதம் ஒழுங்காக யோகா செய்தார், உடம்பு லேசாக இருக்கிறது என்று பிரஷர் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டார். ஒரு நாள் காலையில் தலைவலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அளவு எகிறியிருந்தது. இப்போது மாத்திரையும் உண்டு, காலையில் அரை மணி நேரம் பாயும் உண்டு. மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுகிறார். மாத்திரையைக் குறைக்கலாமா என்பதை அந்த நோட்டைப் பார்த்து டாக்டரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம்.