லங் ஃபைப்ரோஸிஸ் இருக்கவங்களுக்கு சாப்பாடு: வெயிட் இறங்காம பாத்துக்கறது எப்படி

அப்பாவுக்கு நுரையீரல்ல தழும்பு விழுந்திருக்குன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து வீட்ல எல்லாரும் ஆக்ஸிஜன் ரீடிங்கையே பாத்துட்டு இருந்தோம், அவரோட பெல்ட் ரெண்டு ஓட்டை உள்ள போனதை ஒருத்தரும் கவனிக்கல. அதனால தான் இதை எழுதுறேன்.

முதல்ல ஏன் இளைக்கிறாங்கன்னு புரிஞ்சுக்கணும். தழும்பு விழுந்த நுரையீரல் விறைப்பா ஆயிடும், அதை விரிக்க மூச்சுத் தசைங்க ஒவ்வொரு தடவையும் கூடுதலா உழைக்கணும், சும்மா உக்காந்திருந்தாலே கலோரி செலவாகும். இன்னொரு பக்கம் பசி இருக்காது, மென்னு முழுங்கறதுக்குள்ளயே மூச்சு வாங்கும். வரவு கம்மி செலவு ஜாஸ்தின்னா உடம்பு தசையைத் தான் கரைக்கும், அதுல மூச்சு விட உதவுற தசையும் சேர்த்தி. ஐபிஎஃப்னு சொல்ற, காரணம் தெரியாம தழும்பு விழற வகையில வெயிட் குறையறவங்களுக்கு நோய் மோசமா போகுதுன்னு பல ஆய்வுல பாத்திருக்காங்க.

அதனால ஒரு வெயிட் மெஷின் வாங்குங்க. வாரம் ஒருநாள், காலைல பாத்ரூம் போயிட்டு வந்து, சாப்பிடறதுக்கு முன்னாடி, எழுதி வைங்க. 6 மாசத்துல 5 சதவீதத்துக்கு மேல இறங்கினா, அதாவது 60 கிலோ இருந்தவர் 57க்கு கீழ வந்துட்டா, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. திடீர்னு வெயிட் ஏறி கால் வீங்கினா அது சதை இல்ல, தண்ணி கோத்திருக்கலாம், அதையும் உடனே சொல்லணும், அப்போ உப்பைக் குறைக்கச் சொல்வாங்க.

இப்போ சாப்பிடற விதம். மூணு வேளை தட்டு நிறைய வைக்கறதை விட்டுடுங்க. வயிறு முட்டினா உதரவிதானம் (நுரையீரலுக்குக் கீழ இருக்கற மூச்சுத் தசை) கீழ இறங்க இடமில்லாம மூச்சு இன்னும் திணறும். ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு தடவையா கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. குளிச்சதும் நடந்துட்டு வந்ததும் நேரா சாப்பிட உக்கார வேணாம், ஒரு அரை மணி நேரம் ரெஸ்ட். எந்த நேரத்துல தெம்பா இருக்காங்களோ, பெரும்பாலும் காலைல தான், அப்போ கனமானதைக் குடுங்க. நிமிந்து உக்காந்து சின்ன சின்ன வாயா சாப்பிடணும், நடுவுல ஸ்பூனைக் கீழ வச்சு மூச்சு விட்டுக்கணும், பேச்சு அப்புறம். டாக்டர் மூக்குல ஆக்ஸிஜன் டியூப் போடச் சொல்லியிருந்தா சாப்பிடும்போது கழட்டாதீங்க, சாப்பிடறதும் ஒரு வேலை தான். (எங்க அப்பா கழட்டிடுவார், கூச்சமாம்.)

தண்ணியோ சூப்போ முதல்ல குடிச்சா வயிறு ரொம்பிடும், அதை இடைப்பட்ட நேரத்துக்கு வைங்க. சோடா மாதிரி கேஸ் ட்ரிங்க்ஸ் வயித்தை உப்ப வைக்கும், வேணாம். வாய் காஞ்சு போறவங்களுக்கு வறட்டு சாப்பாடு இறங்காது, குழைவா, ஈரமா குடுங்க.

அளவு கம்மின்னா ஒவ்வொரு வாய்லயும் சத்து இருக்கணும். முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர், பால். புரோட்டீன் பொதுவா நாள்பட்ட நோய் இருக்கவங்களுக்கு ஒரு கிலோ உடம்பு எடைக்கு 1.2ல இருந்து 1.5 கிராம் சொல்வாங்க, 60 கிலோன்னா 72 முதல் 90 கிராம். கிட்னி பிரச்சனை இருந்தா இந்தக் கணக்கு செல்லாது, கேட்டுட்டு செய்யுங்க. கூடவே கொஞ்சம் எண்ணெய், நட்ஸ் பட்டர்னு சேத்தா தட்டு பெருசாகாம கலோரி ஏறும். உடற்பயிற்சி இல்லாம புரோட்டீன் மட்டும் குடுத்தா தசையா மாறாது, ரிஹாப்ல (நுரையீரல் நோயாளிங்களுக்கான உடற்பயிற்சி வகுப்பு) சொல்லிக் குடுக்கறதை விடாம செய்யணும்.

மருந்து தான் பெரிய தலைவலி. தழும்பு பரவற வேகத்தைக் குறைக்க பிர்ஃபெனிடோன், நின்டெடானிப்னு ரெண்டு மருந்து குடுப்பாங்க. பிர்ஃபெனிடோன் குமட்டும், பசியைக் கொல்லும், சாப்பாட்டோட போட்டா தாங்கும், கிரேப்ஃப்ரூட் ஜூஸ் கூடாது. நின்டெடானிப் போடறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல வயித்தால போகும், அதையும் சாப்பாட்டோட தான் போடணும், போக ஆரம்பிச்சா தண்ணி நிறைய குடிச்சுட்டு டாக்டருக்கு சொல்லுங்க, நீங்களா மருந்தை நிறுத்தாதீங்க. ஸ்டீராய்டு நேர் எதிர், பசி எடுக்கும், சுகர் ஏறும், எலும்பு தேயும், அதனால கால்சியம், வைட்டமின் டி பத்திக் கேளுங்க.

நெஞ்செரிச்சல், எதுக்களிக்கறது இந்த நோய்ல சகஜம். சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரம் படுக்காம, கட்டில் தலைமாட்டை உயர்த்தி வைங்க.

நுரையீரலை சரி பண்ணும்னு விக்கற பவுடரையெல்லாம் நம்பாதீங்க, தழும்பைக் கரைக்கற சாப்பாடுன்னு ஒண்ணு இல்ல. என்-அசிட்டைல்சிஸ்டீன்ங்கற சளி இளக்குற மருந்து கூட 2014ல வந்த பெரிய ட்ரையல்ல ஐபிஎஃப்க்கு வெத்து மாத்திரையை விட பெருசா உதவல.

குண்டா இருக்கவங்க தானா பட்டினி கிடக்க வேணாம். மூச்சு வாங்கறது குறையவோ, மாற்று அறுவை சிகிச்சை லிஸ்ட்ல வரவோ வெயிட் குறைக்கச் சொன்னா டயட்டீஷியன் மேற்பார்வைல மெதுவா குறைக்கணும், இல்லாட்டி கொழுப்போட தசையும் போயிடும். அப்புறம் சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறினா, முழுங்கறதுல பிரச்சனை இருக்கான்னு செக் பண்ணச் சொல்லிக் கேளுங்க, அப்பாவுக்கு அதை நாங்க வெறும் இருமல்னு நெனச்சு மாசக்கணக்குல விட்டுட்டோம்.