இலவச ஹோட்டல் சீட்டும் 20,000 வெள்ளியும்

சுங்கை சிப்புட்டிலிருந்து தீபாவளித் துணி எடுக்க ஈப்போ பேரங்காடிக்குப் போனால், சுரண்டிப் பார்க்க ஒரு சீட்டை நீட்டுவார்கள். "அண்ணே, ஹோட்டல் இலவசம். அண்ணியையும் கூட்டிக்கொண்டு விளக்கக் கூட்டத்துக்கு வாங்க." அண்ணி எதற்கு? 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று நீங்கள் நழுவக் கூடாதே, அதற்குத்தான். அங்கே விற்பது டைம்ஷேர்: பணம் கட்டி உறுப்பினராகி, ஆண்டுதோறும் சில நாள் விடுமுறை விடுதிகளில் தங்கும் திட்டம்.

தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்த என் மாமா, 55 வயதில் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்த கையோடு டைம்ஷேரில் சேர்ந்தார். 'இந்த விலை இன்றைக்கு மட்டும்' என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டார். சேரும் தொகையைப் பார்த்தவர், வருடா வருடம் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணத்தைப் பார்க்கவில்லை. பலரும் சறுக்குவது இங்கேதான். ஆண்டுக்கு 800 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்ளுங்கள், 25 ஆண்டுக்கு 20,000 வெள்ளி ஆகிறது. போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும், கட்டணம் ஏறவும் செய்யும். பெட்ரோல், டோல், சாப்பாடு தனி.

சரி, போகவாவது முடிந்ததா? பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை வந்தால் கேமரன் மலையும் லங்காவியும் நிரம்பிவிடும். 'எப்ப வேணும்னாலும் போகலாம்' என்பது வாய்ப்பேச்சு. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

மனம் மாறினால் ரத்து செய்ய ஒப்பந்தத்தில் சில நாள் அவகாசம் இருக்கும். அதற்குள் எழுத்தில் கடிதம் கொடுக்க வேண்டும். மாமா தாள்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினார், அவகாசம் பீரோவுக்குள்ளேயே முடிந்தது. பிறகு கோபத்தில் கட்டணத்தை நிறுத்தினார். அதனால் ஒப்பந்தம் முறியவில்லை, பாக்கிதான் ஏறியது. அப்புறம் ஒரு போன்: உங்கள் உறுப்பியத்தை விற்றுத் தருகிறோம், முதலில் 2,000 வெள்ளி கட்டுங்கள். அத்தை போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். நல்லவேளை. முன்பணம் கேட்டு விற்றுத் தருவதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

டைம்ஷேர் திட்டங்கள் 2016-ஆம் ஆண்டின் 'ஸ்கிம் கெப்பெந்திங்கான்' (பலர் பணம் போட்டுச் சேரும் திட்டங்களுக்கான) சட்டத்தின்கீழ் எஸ்.எஸ்.எம்.மில், அதாவது மலேசிய நிறுவன ஆணையத்தில், பதிவாகியிருக்க வேண்டும். சேரும் முன் அங்கே கேளுங்கள். ஏற்கெனவே மாட்டியவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்: 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுவுக்கு 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ஒப்பந்தம், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

மாமாவின் ஃபைலில் அந்த இலவச ஹோட்டல் சீட்டும் இருக்கிறது. வார நாளில் மட்டும்தான் செல்லுமாம்.