மாலைதீவுப் பயணம்: ஒரு படிவமும் ஒரு பிள்ளையாரும்

இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் மாலைதீவுக்கு முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. இறங்கியதும் 30 நாள் அனுமதியை இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் பறப்பதற்கு முந்தைய 96 மணித்தியாலங்களுக்குள் 'இமுகா' என்ற பயணிகள் படிவத்தை நிரப்பியாக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் கட்டுநாயக்கா போகும் வழியில்தான் எனக்கு அது நினைவு வந்தது. கைபேசியில் முதலில் வந்த தளம் வங்கி அட்டை இலக்கத்தைக் கேட்டது. விரல் அப்படியே நின்றுவிட்டது. இலவசப் படிவத்துக்கு எதற்குக் காசு? அதை மூடிவிட்டு, அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்துக்கே நேராகப் போனேன். வவுனியா தாண்டுவதற்குள் கியூஆர் குறியீடு வந்து சேர்ந்தது. திரும்பும்போதும் அதே படிவத்தை நிரப்ப வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

வழிபாட்டுச் சிலைகளை அங்கே கொண்டுபோகத் தடை இருக்கிறது. மதுவுக்கும் பன்றி இறைச்சிக்கும் அப்படியே. அம்மா கைப்பையில் துணி சுற்றி வைத்திருந்த விரலளவுப் பிள்ளையாரை, வழியனுப்ப வந்த தம்பியிடம் பஸ் நிலையத்திலேயே கொடுத்தனுப்பினேன். மனம் கனத்தது.

யாழ்ப்பாணத்து மண்டைதீவுக் கடலில் நீந்திப் பழகிய என்னையே மாலைதீவின் பவளப்பாறை விளிம்பில் நீரோட்டம் இழுத்தது. அதன்பின் விடுதிக்காரர் காட்டிய எல்லைக்குள் மட்டுமே இறங்கினேன்.